பழைய இரும்பு இழைப்புளி: பார்த்து வாங்குவதும் பழுது நீக்குவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இழைப்புளி ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் செய்வது அதைப் பளபளவென்று தேய்ப்பது. நான் அதைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். மேலோட்டமாகச் சுத்தம் செய்யுங்கள், பிளேடைத் தீட்டுங்கள், மேல்தகட்டைச் சரியாகப் பொருத்துங்கள், பிறகு ஒரு மரத்துண்டில் ஓட்டிப் பாருங்கள். அந்தக் கருவிக்கு இன்னும் என்ன தேவை என்பது அப்போது தெரிந்துவிடும். தேவைப்படாத வேலைக்கு நாள் கணக்கில் கை வலிக்கத் தேய்க்க வேண்டியதில்லை.

பாகங்களின் பெயரே எனக்குத் தெரியாது. முதலில் அதைச் சொல்ல முடியுமா?

கீழே மரத்தில் உரசிக்கொண்டு போகும் வார்ப்பிரும்பு உடலின் அடிப்பகுதியை அடிப்பாகம் என்று சொல்கிறேன். அதன் நடுவில் பிளேடு எட்டிப் பார்க்கும் நீளத் திறப்பு, வாய். வாய்க்குப் பின்னால் சாய்வாக நிற்கும் வார்ப்புத் துண்டு ஃபிராக். பிளேடு அதன் மேல்தான் படுத்திருக்கிறது, மரத்தோடு 45 டிகிரி சாய்வில். பிளேடின் முதுகில் திருகால் பிணைத்திருக்கும் வளைந்த தகடு கேப் அயர்ன்; இங்கே மேல்தகடு என்றே குறிப்பிடுகிறேன். இவை எல்லாவற்றையும் அழுத்திப் பிடிப்பது லீவர் கேப். பின்னால் கைப்பிடி, முன்னால் குமிழ். கைப்பிடிக்கு முன்னே இருக்கும் பித்தளைச் சக்கரம் பிளேடை ஏற்றி இறக்கும். அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் லீவர் பிளேடை இடமும் வலமும் சாய்க்கும்.

இந்த அமைப்பின் அடிப்படை அமெரிக்காவைச் சேர்ந்த லெனார்டு பெய்லி வடிவமைத்தது. 1869-ல் ஸ்டான்லி நிறுவனம் அவருடைய காப்புரிமைகளை வாங்கியது. காப்புரிமைக் காலம் முடிந்த பின் பல நாடுகளில் பல நிறுவனங்கள் அதே வடிவத்தைச் செய்தன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவான ரெக்கார்டு அதில் பரவலாகத் தெரிந்த பெயர். உடலில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதே அமைப்புதான் என்பதால், கீழே உள்ள பதில்கள் அநேகமாக உங்கள் இழைப்புளிக்கும் பொருந்தும்.

முழுக்கத் துருப்பிடித்துக் கிடக்கிறது. வாங்கலாமா?

துருவைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். செம்பழுப்பு நிறத்தில் மேலாகப் படிந்த துரு, பார்க்கத்தான் பயமாக இருக்கும். ஒரு மாலையில் போய்விடும். கவனிக்க வேண்டியது துரு தின்ற ஆழம். விரல் நகத்தால் வருடும்போது குழிகள் தட்டுப்படுகிறதா? உடலின் பக்கச் சுவரிலோ அடிப்பாகத்தின் நடுப்பகுதியிலோ சில குழிகள் இருந்தால் வேலைக்கு ஒரு குறையும் இல்லை. வாயின் முன்விளிம்பு அரித்துப் போயிருந்தாலோ, பிளேடின் தட்டையான பக்கம் கூர்முனை வரை குழி விழுந்திருந்தாலோதான் யோசிக்க வேண்டும். அதிலும் பிளேடை மாற்றிவிடலாம். உடலை மாற்ற முடியாது.

அப்படியானால் கையில் எடுத்ததும் எதைப் பார்ப்பது?

விரிசலை. வார்ப்பிரும்பு வளையாது, உடைந்துவிடும். கீழே விழுந்த இழைப்புளியில் விரிசல் எங்கே வரும் என்பதும் ஏறக்குறைய தெரிந்ததுதான்: வாயின் நான்கு மூலைகள், வாய்க்கு நேராக மேலே ஏறும் பக்கச் சுவர், ஃபிராக்கைப் பிடிக்கும் திருகுகளைச் சுற்றிய இடம், கைப்பிடி உட்காரும் மேடு. துருவும் அழுக்கும் விரிசலை மறைத்துவிடும். அதனால் எண்ணெய் தொட்ட துணியால் அந்த இடங்களைத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தைச் சாய்வாக விழ வைத்துப் பாருங்கள். துடைத்த சிறிது நேரத்தில் ஒரு மெல்லிய கோட்டிலிருந்து எண்ணெய் கசிந்தால் அது கீறல் அல்ல, விரிசல். பக்கச் சுவரில் பித்தளை நிறத்தில் ஒரு கோடு ஓடினால் முன்பு யாரோ பித்தளையை உருக்கி விரிசலை ஒட்டியிருக்கிறார்கள். நன்றாக ஒட்டியிருந்தால் அது உழைக்கும். ஆனால் அந்தச் சூட்டில் அடிப்பாகம் முறுக்கிக்கொண்டிருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பவர் அனுமதித்தால் லீவர் கேப்பைத் தூக்கி பிளேடை வெளியே எடுங்கள். பார்க்க வேண்டிய பாதி விஷயம் உள்ளேதான் இருக்கிறது. பிளேடில் கூர்முனைக்கும் நீள்துளைக்கும் நடுவே எவ்வளவு இரும்பு மிச்சம் என்று பாருங்கள். 2, 3 சென்டிமீட்டர் இருந்தால் பல வருடம் ஓடும். லீவர் கேப்பின் கீழ்விளிம்பு பொடிந்திருக்கிறதா பாருங்கள். அதையே திருப்புளியாக்கி மேல்தகட்டின் திருகைக் கழற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. அதுவும் வார்ப்பிரும்பு என்பதால் மூலை உடைந்துவிடும். கொஞ்சம் பொடிந்திருந்தால் அரத்தால் நேராக்கிக்கொள்ளலாம்.

பித்தளைச் சக்கரத்தை விரலால் சுழற்றிப் பாருங்கள். சுழலாவிட்டாலும் கவலை வேண்டாம், எண்ணெய் விட்டு ஊற வைத்தால் பெரும்பாலும் இளகிவிடும். சக்கரத்தின் பள்ளத்தில் இரண்டு காலை நுழைத்துக்கொண்டு நிற்கும் கவை போன்ற துண்டு மட்டும் முழுதாக இருக்க வேண்டும். அதில் ஒரு கால் உடைந்திருந்தால் பிளேடு சீராக நகராது.

ஒரு திருகோ குமிழோ இல்லை. பரவாயில்லையா?

குமிழும் கைப்பிடியும் மரம்தானே, செய்துகொள்ளலாம். திருகு விஷயம் வேறு. பழைய ஸ்டான்லி இழைப்புளியின் திருகுகளில் பல, இன்று பொதுவாகக் கிடைக்கும் அளவு அல்ல. அங்குலத்துக்கு இத்தனை மரை என்று அந்தக் கம்பெனியே வைத்துக்கொண்ட கணக்கு அது. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் வேறு திருகை உள்ளே திணித்தால், வார்ப்பிரும்பில் வெட்டிய மரையே நாசமாகிவிடும். அதனால் ஃபிராக் திருகோ, கைப்பிடிக் கம்பியோ, அதன் பித்தளை மூடியோ காணாமல் போயிருந்தால், அதே மாதிரி உடைந்த இன்னொரு இழைப்புளியிலிருந்து எடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள்.

4, 5, 7 என்று எண் போட்டிருக்கிறதே, அது என்ன?

அளவு. 4 என்றால் உடல் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர், பிளேடு 2 அங்குல அகலம். கடைசியாக வழவழப்பாக்கும் வேலைக்கு. 5 ஏறக்குறைய 35 சென்டிமீட்டர், பிளேடு அதே 2 அங்குலம். 7 என்பது 55 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், பிளேடு 2⅜ அங்குலம். நீளமான பலகையின் விளிம்பை நேராக்க.

ஒன்றே ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால் 5ஆம் எண்ணைத் தேடுங்கள் என்பேன். முரட்டு வேலைக்கும் வரும், பொறுமையாகத் தீட்டினால் வழவழப்பாகவும் இழைக்கும். 7ஆம் எண்ணை முதல் கருவியாக எடுக்க வேண்டாம். அவ்வளவு நீள அடிப்பாகம் முறுக்கியிருந்தால் கையால் சரி செய்வது பெரிய வேலை.

எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஸ்டான்லியில் ஃபிராக்குக்குப் பின்னால், உடலின் உள்தரையில் 1902, 1910 போன்ற காப்புரிமைத் தேதிகள் வார்த்திருந்தால், அந்த வருடத்துக்கு முந்தையது அல்ல என்று தெரிந்துவிடும். ஆனால் பழைய உடலில் புது ஃபிராக்கும் இன்னொன்றின் பிளேடும் சேர்ந்திருப்பது சாதாரணம். சேகரிப்பவர்களுக்குத்தான் அது முக்கியம். இழைப்பதற்கு, பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் போதும்.

எப்படிப் பிரிப்பது? உடைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பிரிப்பதற்கு முன் நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு திருகின் அடியிலும் மண்ணெண்ணெயோ மெல்லிய எண்ணெயோ சில சொட்டு விட்டு ஒரு இரவு விடுங்கள். திருகின் தலையில் உள்ள காடியை அழுக்கில்லாமல் சுரண்டி எடுத்துவிட்டு, காடியை இறுக்கமாக நிரப்பும் அகலமான திருப்புளியை நுழையுங்கள். சின்னத் திருப்புளியால் முயன்றால் காடி பிய்ந்துவிடும், அதன் பிறகு அந்தத் திருகு வெளியே வருவது கஷ்டம். அசையாத திருகை முதலில் லேசாக இறுக்கப் பாருங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்து துருப்பிடிப்பு விடும், அப்புறம் தளர்த்தலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். பித்தளைச் சக்கரத்தின் மரை இடக்கை மரை. கழற்றுவதாக நினைத்து நீங்கள் இறுக்கிக்கொண்டே இருப்பீர்கள். வழக்கத்துக்கு எதிர்த் திசையில் சுற்றினால்தான் வெளியே வரும்.

துருவை எடுக்க எது நல்ல முறை?

துருவின் அளவைப் பொறுத்தது. மேலாக இருந்தால் ஒரு பழைய சவர பிளேடைத் தட்டையாகப் படுக்க வைத்து, எண்ணெய் விட்டுச் சுரண்டுங்கள். ஆச்சரியமாக இருக்கும், அடியில் நல்ல இரும்பு அப்படியே இருக்கும். பிறகு எண்ணெய் தொட்ட இரும்பு நாரால் துடைத்தால் வேலை முடிந்தது. நான் செய்ததில் பாதிக்கு மேல் இவ்வளவிலேயே முடிந்துவிட்டது.

தடிமனான துருவுக்கு சிட்ரிக் அமிலம். 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அளவு கரைத்து, பாகம் முழுதும் மூழ்கும்படி போடுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் மட்டத்தில் இரும்பில் ஒரு கோடு விழுந்துவிடும், அது போகவே போகாது. பித்தளையைத் தனியே எடுத்து வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்து தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். இரவு முழுக்க விட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டாம். துரு தீர்ந்ததும் அமிலம் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும். வெளியே எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே சூடான காற்றில் உலர்த்தி, அந்தச் சூட்டோடு எண்ணெய் பூசுங்கள். ஈரத்தோடு ஐந்து நிமிடம் வைத்தாலே கண்ணெதிரே மஞ்சளாகத் துரு ஏறும். அமிலத்தில் ஊறிய வார்ப்பிரும்பு மங்கிய சாம்பல் நிறமாக இருப்பது இயல்பு. தேய்த்தால் போகும், போகாவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

மின்சாரம் விட்டுத் துரு எடுக்கும் முறையும் உண்டு. சலவை சோடா கரைத்த தண்ணீரில் கருவியை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். அந்த வேண்டாத துண்டு ஒருபோதும் எவர்சில்வராக இருக்கக் கூடாது. அதிலிருந்து நச்சுத் தன்மையுள்ள குரோமியம் தண்ணீரில் கரைந்து வரும். கூடவே எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும், எனவே திறந்த வெளியில் மட்டும். உடலின் கறுப்புப் பூச்சு இதில் உரிந்துவிடும் என்பதால், பூச்சு நன்றாக உள்ள இழைப்புளிக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

கிரைண்டரில் மாட்டும் கம்பிச் சக்கரம் வேகமானது. கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் அதன் பக்கம் போகாதீர்கள். யாரோ பின்னாளில் பெயிண்ட் அடித்த கருவி என்றால் அதில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசியாக்க வேண்டாம்.

கறுப்புப் பூச்சு உரிந்திருக்கிறது. மறுபடியும் பூச வேண்டுமா?

வேலைக்குத் தேவையில்லை. துரு வராமல் இருக்க மெழுகு தடவினால் போதும். பூச ஆசைப்பட்டால் ஃபிராக் உட்காரும் இடங்களில் பெயிண்ட் படாமல் மறைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரும்பும் இரும்பும் நேராகத் தொட வேண்டும்.

அடிப்பாகத்தைத் தேய்த்துச் சமமாக்கியே ஆக வேண்டுமா?

அதிகம் பேர் அதிக நேரம் வீணாக்குவது இங்கேதான். நானும் அதில் ஒருவன். முதலில் வாங்கிய 5ஆம் எண் இழைப்புளியை இரண்டு மாலை முழுக்கக் கண்ணாடி மேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்தேன். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் எங்கும் நுழையாத அளவுக்குச் சமமானது. மரத்தில் வைத்து ஓட்டினால், பழையபடி இரண்டு தள்ளுக்கு ஒருமுறை சீவல் சிக்கி வாய் அடைத்தது. பிளேடை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது, அதற்கும் மேல்தகட்டுக்கும் நடுவே தலைமுடி நுழையும் இடைவெளி தெரிந்தது. அதைச் சரி செய்ய பத்து நிமிடம்தான் ஆனது. அதற்குப் பிறகு எந்த இழைப்புளியையும் ஓட்டிப் பார்க்காமல் அடிப்பாகத்தில் கை வைப்பதில்லை.

சோதிக்க நேரான இரும்பு ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களிலும். பிளேடை உள்ளே இழுத்து, லீவர் கேப்பை வழக்கம்போல இறுக்கிய நிலையில் பார்க்க வேண்டும். அந்த இறுக்கம் உடலைக் கொஞ்சம் வளைக்கும். அடிப்பாகம் முழுதும் கண்ணாடி போல் இருக்க வேண்டியதில்லை. முன்நுனி, வாயின் முன்விளிம்பு, பின்நுனி இவை மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். நடுவில் அங்கங்கே ஒரு தாள் தடிமன் பள்ளம் இருப்பது தொந்தரவே இல்லை. வாய்க்கு நேர் முன்னால் பள்ளம் இருந்தால் மட்டும் விட்டுவைக்காதீர்கள். சீவல் கிளம்பும் இடத்தில் மரத்தை அழுத்திப் பிடிக்க ஆளில்லாமல் போய், நார் பெயர்ந்து வரும்.

தேய்க்கத்தான் வேண்டும் என்று தெரிந்தால், தட்டையான கனத்த கண்ணாடியிலோ கிரானைட் பலகையிலோ 80 எண் தாளை ஒட்டி, அடிப்பாகத்தில் மார்க்கர் பேனாவால் கோடுகள் கிழித்துக்கொண்டு தொடங்குங்கள். பிளேடு உள்ளே தள்ளியபடி, லீவர் கேப் இறுக்கியபடியே இருக்கட்டும். மூன்று முக்கிய இடங்களிலும் மை அழிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். 120, 220 என்று கொஞ்சம் நைசாக்கினால் போதும்.

பிளேடை எப்படித் தீட்டுவது?

முதலில் தட்டையான பக்கம், அதாவது பின்பக்கம். அதில் கூர்முனையை ஒட்டிய 2, 3 மில்லிமீட்டர் மட்டும் மினுங்கினால் போதும், முழு முகத்தையும் தேய்க்க வேண்டாம். கூர்முனை என்பது இரண்டு முகங்கள் சேரும் கோடு. அதில் ஒரு முகத்தில் குழி இருந்தால், அந்த இடத்தில் கூர் என்ற ஒன்றே இருக்காது. இழைத்த மரத்தில் கோடு கோடாக விழும். குழி ஆழமாக இருந்தால் பின்பக்கம் தேய்த்துத் தீர்க்க முயலாமல், நுனியை ஓரிரு மில்லிமீட்டர் குறுக்கே அரைத்து நல்ல இரும்பு வரும் வரை பின்னே போவது சுலபம்.

இங்கே டேவிட் சார்ல்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயத் தச்சர் பரப்பிய ஒரு வழி ரொம்ப உதவும். கல்லின் ஒரு ஓரத்தில் மெல்லிய இரும்பு ஸ்கேலை வைத்து, பிளேடின் வால்பக்கம் அதன் மேல் ஏறியபடி, கூர்முனையை மட்டும் எதிர் ஓரத்தில் உரச வேண்டும். அரை மில்லிமீட்டர் ஸ்கேல் தரும் சாய்வு மிகச் சிறியது. ஆனால் கூரை ஒட்டிய நூலிழை அகலம் சில நிமிடத்தில் பளபளத்துவிடும். இழைப்புளி பிளேடுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். உளிக்குச் செய்யாதீர்கள், உளியின் பின்பக்கம் முழுத் தட்டையாக இருந்தால்தான் மரத்தில் ஒட்டி நேராகப் போகும்.

சரிவான பக்கத்துக்கு 25 டிகிரி வைத்து, நுனியில் மட்டும் 30 டிகிரியில் சின்ன முகம் எடுங்கள். பின்பக்கம் முழு அகலத்துக்கும் பிசிறு (நுனியில் மடங்கி நிற்கும் மெல்லிய இரும்பு விளிம்பு) விரலில் தட்டுப்படும் வரை முரட்டுக் கல்லை விடக் கூடாது. பிசிறு வராமல் நைசான கல்லுக்குப் போனால், மழுங்கிய முனையைப் பளபளப்பாக்கிக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் நைசான கல், கடைசியில் பிசிறை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி எடுத்துவிடுதல்.

கிரைண்டரில் அரைத்தால் அடிக்கடி தண்ணீரில் தோயுங்கள். பழைய பிளேடுகள் சாதாரண கார்பன் எஃகு. நுனி நீலமாக மாறிவிட்டால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். நீலத்தைத் தாண்டி நல்ல எஃகு வரும் வரை அரைத்து எடுத்தே ஆக வேண்டும்.

மேல்தகட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

நார் எதிராக ஓடும் மரத்தில், சீவல் பிளேடுக்கு முன்னாலேயே பிளந்துகொண்டு ஓடப் பார்க்கும். அப்படிப் பிளக்கும்போதுதான் பரப்பில் பள்ளம் பள்ளமாகப் பிய்கிறது. கூர்முனைக்கு மிக அருகில் மேல்தகட்டின் விளிம்பு இருந்தால், மேலே ஏறும் சீவலை அது உடனே நிமிர்த்தி முன்பக்கமாக மடக்கும். சீவலால் பிளவை முன்னே இழுத்துக்கொண்டு போக முடியாது. ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தில் கவாய், கட்டோ என்ற இரண்டு பேராசிரியர்கள் பிளேடு மரத்தை வெட்டும் இடத்தை மிக நெருக்கத்தில் படம் பிடித்தார்கள். விளிம்பு தள்ளி இருக்கும்போது மரம் பிய்வதும், நெருங்கியதும் அது நிற்பதும் அதில் கண்ணாலேயே தெரிகிறது.

இது வேலை செய்ய இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, மேல்தகட்டின் விளிம்பு பிளேடின் மேல் இடைவெளியே இல்லாமல் படிய வேண்டும். அதற்கு விளிம்பின் அடிப்பக்கத்தைக் கல்லில் தீட்டுங்கள். தீட்டும்போது தகட்டின் வால்பகுதியைக் கல்லின் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடியுங்கள். அப்போது விளிம்பின் நுனி மட்டும் பிளேடைத் தொடும், பின்பகுதி விலகி நிற்கும். திருகை இறுக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒரு கீற்றும் தெரியக் கூடாது. இரண்டு, விளிம்பின் முன்பக்கம் வழவழப்பாக, ஏறக்குறைய 50 டிகிரி சாய்வில் இருக்கட்டும். அங்கே துருக்குழி இருந்தால் சீவல் பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு தூரம்? முரட்டு வேலைக்கு 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். கடைசி வழவழப்புக்கு கால் மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்க வேண்டும். கண்ணுக்கு, பிளேடின் பளபளப்பில் ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு மட்டும் மிச்சம் தெரியும். சீவல் சுருளாமல் விறைப்பாக நேராக எழும்பி வந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அடுக்கடுக்காக மடங்கி, தள்ளவே முடியாமல் போனால் ரொம்ப நெருங்கிவிட்டது.

ஃபிராக்கை எங்கே வைப்பது?

அதன் சாய்வு, வாயின் பின்விளிம்போடு ஒரே தளத்தில் சேரும்படி வைத்துத் தொடங்குங்கள். வாயைக் குறுக்க ஃபிராக்கை முன்னே தள்ளலாம் என்று சொல்வார்கள். அதிகம் தள்ளினால் பிளேடின் கீழ்நுனி தாங்கல் இல்லாமல் நிற்கும், வேலை செய்யும்போது அதிரும். மேல்தகட்டை நெருக்கினால் கிடைக்கும் பலன் இதைவிடப் பெரியது என்பதால், வாயைக் குறுக்குவதில் நான் நேரம் செலவிடுவதில்லை. ஃபிராக்கின் அடியில் பழைய மரத்தூளோ பெயிண்ட் கட்டியோ இல்லாமல் சுரண்டிவிட்டு இறுக்குங்கள், அதுதான் அவசியம்.

கைப்பிடி இரண்டாக உடைந்திருக்கிறது.

உடைந்த துண்டு கையில் இருந்தால் பாக்கியம். உடைந்த முகத்தை அரத்தாலோ உப்புத்தாளாலோ சமமாக்காதீர்கள், அந்த ஒழுங்கற்ற நார்கள்தான் துண்டுகளைச் சரியாகப் பூட்டும். வருடக்கணக்கான கை எண்ணெய் ஊறியிருக்கும், அதை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து எடுங்கள். பிறகு எபாக்சி பசை. கைப்பிடியின் வளைவுக்குக் கிளாம்ப் போடுவது தொல்லை; கிழித்த சைக்கிள் டியூபால் இறுக்கிச் சுற்றினால் அழகாகப் பிடிக்கும். உள்ளே கம்பி போகும் துளையில் பசை இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடையாமல் ஆடிக்கொண்டே இருக்கும் கைப்பிடிக்கு வேறு காரணம். மரம் காலப்போக்கில் சுருங்கியிருக்கும், கம்பி முழுதும் இறங்கியும் பிடிக்காது. பித்தளை மூடிக்கு அடியில் சின்ன வாஷர் ஒன்று போட்டால் சரியாகிவிடும். கம்பியை அரை மரை அளவுக்குத்தான் கூடுதலாக இறுக்க வேண்டும். முறுக்கினால் மரம் பிளக்கும். ஆடும் கைப்பிடியோடு வேலை செய்தால் அடுத்து உடையப் போவதும் அதுதான்.

பித்தளைச் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினாலும் பிளேடு நகரவில்லை.

அது வெறும் தளர்வு. இந்த வகை இழைப்புளி எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும். பிளேடை எப்போதும் கீழே இறக்கும் திசையில் சுற்றி அளவை முடியுங்கள், வேலையின்போது அது பின்னே நழுவாது.

எல்லாம் செய்தும் சரியாக இழைக்கவில்லை. எங்கே பார்ப்பது?

சுருளுக்குப் பதில் தூளும் நொறுங்கலும் வந்தால் கூர் போதாது, மறுபடி கல்லுக்குப் போங்கள். தடதடவென்று அதிர்ந்தால் ஏதோ ஒன்று தளர்வாக இருக்கிறது: ஃபிராக் திருகு, லீவர் கேப், அல்லது பிளேடின் அடியில் சிக்கிய ஒரு துகள். லீவர் கேப் கட்டைவிரல் அழுத்தத்தில் பூட்ட வேண்டும்; பூட்டிய பின்னும் பித்தளைச் சக்கரம் சுழல வேண்டும். அந்த அளவுக்கு லீவர் கேப்பைப் பிடிக்கும் நடுத்திருகை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் சீவல் வந்தால் பக்கவாட்டு லீவரை நகர்த்துங்கள். ஒரு மெல்லிய மரச்சிம்பை வாயின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் ஓட்டிப் பார்த்தால், எந்தப் பக்கம் ஆழம் என்று உடனே தெரியும். வாய் அடைத்தால் மேல்தகட்டைப் பாருங்கள், வேறெங்கும் தேட வேண்டாம். இதெல்லாம் சரியாக இருந்தும் சீவல் விட்டுவிட்டு வந்தால் அடிப்பாகத்தைச் சோதிக்கும் நேரம் வந்துவிட்டது.

சோதிப்பதற்கு முடிச்சில்லாத, நார் நேராக ஓடும் மென்மையான துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முரட்டு மரத்தில் முதல் சோதனை வேண்டாம்.

தடிமனான புது பிளேடு வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகுமா?

பழைய பிளேடு துரு தின்று போயிருந்தால் வாங்கத்தான் வேண்டும். மற்றபடி பழையதை ஒழுங்காகத் தீட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். ரொம்பத் தடிமனான பிளேடு வாய்க்குள் நுழையாமல் போகலாம், அப்புறம் வாயை அரத்தால் அகலமாக்க வேண்டிவரும். அகலமாக்கிய வாயைத் திரும்பக் குறுக்க முடியாது.

மர உடல் கொண்ட பழைய இழைப்புளிக்கும் இதே முறையா?

பிளேடும் மேல்தகடும் அப்படியே. உடலில்தான் வேறுபாடு. பிளேடை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு இறங்கும் இடத்தின் இரண்டு ஓரங்களிலும் பிளவு இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பை ஓங்கி அடித்த இழைப்புளிகள் அங்கேதான் பிளக்கும். பூச்சித் துளைகள் இருந்தால் உடலைத் தட்டுங்கள். மாவு போன்ற புதுத் தூள் உதிர்ந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது, மற்ற மரங்களோடு சேர்த்து வைக்காதீர்கள். அடிப்பாகத்தைச் சமமாக்குவது இதில் சுலபம்: ஆப்பை அடித்து, பிளேடை உள்ளே தள்ளிய நிலையில், இன்னொரு இழைப்புளியாலேயே சீவிவிடலாம். ஒவ்வொரு முறை சீவும்போதும் வாய் அகன்றுகொண்டே போகும் என்பதால் அளவோடு செய்யுங்கள்.

துரு திரும்ப வராமல் எப்படி வைத்துக்கொள்வது?

வேலை முடிந்ததும் சீவல்களைத் தட்டிவிடுங்கள். மரச்சீவல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அடைத்த வாயோடு விட்ட இழைப்புளியில் முதலில் துருப்பிடிப்பது பிளேடின் நுனி. வேர்த்த கை பட்ட பக்கச் சுவர்களை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். அடிப்பாகத்தில் மெழுகு தேய்த்தால் துருவும் அண்டாது, தள்ளுவதும் லேசாகும்.

கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானாகவே சூடாகும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தீப்பிடிக்கும். துணியை வெளியே ஒற்றையாக விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடிய தகர டப்பாவில் வையுங்கள்.